பாடசாலை நலக் கணக்கெடுப்பும் பெற்றோருக்கு வந்த கடிதமும்: ஒரு தாயின் மதிப்பீடு

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கொம்யூனிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோ கொப்பி, பிரிண்ட், லமினேட்டிங், ரீலோட் எல்லாம் உண்டு. சுற்றுவட்டாரப் பாடசாலைகள் பிள்ளைகளிடம் கொடுத்துவிடும் படிவங்கள் நிறைய என் கடை மேசைக்கு வந்துதான் திரும்பிப் போகின்றன. "அக்கா, இதில எங்க சைன் வைக்கிறது?" என்று கேட்டு வரும் தாய்மாருக்குப் பேனையும் கொடுத்து, வாசித்தும் காட்டுகிறேன். அதனால் ஒரு பாடசாலை பெற்றோருக்கு எப்படி எழுத வேண்டும் என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

என் மகள் தரம் 9. இந்த வருடம் அவளுடைய பாடசாலையில் மாணவர்களின் சுகாதாரமும் மனநலனும் பற்றிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. வெளியிலிருந்து ஒரு ஆய்வுக் குழு வந்து நடத்தியது. கணக்கெடுப்பு நல்லதா கெட்டதா என்று நான் இங்கே எழுதவில்லை. அது தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. பெற்றோருக்கு அதை அறிவித்த விதத்தைத்தான் மதிப்பிடுகிறேன்: வந்த கடிதம், நடந்த கூட்டம், வினாக்கொத்தைப் பார்க்கத் தந்த ஒழுங்கு, பிறகு முடிவைச் சொன்ன முறை. பாடசாலையின் பெயரைப் போட மாட்டேன். பிள்ளைகள் படிக்கிற இடம்.

முதலில் கடிதம். ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். எந்த நாள், எந்தப் பாடவேளை என்று இருந்தது. பங்குபற்றுவது விருப்பத்துக்குரியது, பிடிக்காத கேள்வியைப் பிள்ளை விட்டுவிடலாம், பதில்கள் இரகசியமாகப் பேணப்படும் என்று இருந்தது. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கல்வித் திணைக்களத்தின் அனுமதியும் பெறப்பட்டுள்ளன என்று ஒரு வரி. கேள்வி இருந்தால் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம். நான் அழைத்தேன், எடுத்தார்கள், பொறுமையாகப் பதில் சொன்னார்கள். என் கடைக்கு வரும் படிவங்களில் பாதிக்கு மேல் இந்த அளவுகூட இருப்பதில்லை என்பதால் இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கடிதத்தின் அடியில் வெட்டி அனுப்பும் துண்டு ஒன்று. உங்கள் பிள்ளை பங்குபற்றுவதை நீங்கள் விரும்பாவிட்டால் மட்டும் இதை நிரப்பி வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும், துண்டு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று போட்டிருந்தது. இதற்குப் பிறகு வருகிறேன்.

கடிதத்தில் இல்லாத விஷயங்கள்தான் எங்கள் வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. என்ன கேட்கப் போகிறார்கள் என்று இல்லை. "மாணவர் நலன் தொடர்பான வினாக்கள்" என்று மட்டும் இருந்தது. தரம் 9இல் எல்லா வகுப்புகளுக்கும் கடிதம் போகாமல் சில வகுப்புகளுக்கு மட்டும் போனது ஏன் என்று இல்லை. "எங்கட வகுப்பில ஏதும் நடந்திட்டுதோ?" என்று ஒரு தாய் எழுதினார். அப்புறம் ஆளுக்கொரு கதை. யாரோ போதைப்பொருளோடு பிடிபட்டதாக ஒருவர், ஒரு பிள்ளை கையைக் கீறிக்கொண்டதாக இன்னொருவர். ஒன்றுமே நடக்கவில்லை. வகுப்புகளைக் குலுக்கல் முறையில் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது இப்படித்தான் செய்யப்படுகிறது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து உருவாக்கிய பாடசாலை மாணவர் சுகாதாரக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. இலங்கையில் அது 2008இலும் 2016இலும் நடந்தது. அதில் முதலில் பாடசாலைகளை மாணவர் தொகைக்கு ஏற்பத் தெரிவு செய்வார்கள், பிறகு அந்தப் பாடசாலைக்குள் வகுப்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். எடுபட்ட வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடவேளையில் எழுதுவார்கள். மகளின் பாடசாலையில் நடந்தது அந்தத் தேசியக் கணக்கெடுப்பு அல்ல, ஆனால் முறையும் பல கேள்விகளும் அதைப் பார்த்து அமைத்தவை என்று தொலைபேசியில் சொன்னார்கள். "உங்கள் வகுப்பு குலுக்கலில் வந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை" என்று கடிதத்தில் ஒரு வரி போட்டிருந்தால் அந்தக் கதைகளில் ஒன்றும் பிறந்திராது.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன்.

இங்கே பெற்றோருக்குப் பாடசாலைச் சுகாதாரம் என்றால் மனதில் வருவது வைத்தியப் பரிசோதனை. தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளை வைத்தியரும் பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்ப்பார்கள். உயரம், நிறை, கண், பல், காது. ஏதும் குறை இருந்தால் வீட்டுக்குத் துண்டு வரும். என் மகளுக்குத் தரம் 7இல் தூரப்பார்வை போதாது என்று அப்படித்தான் தெரிய வந்தது. கண் கிளினிக்குக் கொண்டு போனோம், கண்ணாடி போட்டோம், இப்போது கரும்பலகை தெரிகிறது. தரம் 6இல் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. ஊசி போட்டபோதும் கடிதம் வந்தது, சம்மதம் கேட்டார்கள், போட்டார்கள், அட்டையில் பதிந்தார்கள். 2017 முதல் பெண் பிள்ளைகளுக்கு அரசு அந்த ஊசியைப் போட்டு வருகிறது. இவற்றில் பிள்ளையின் பெயர் இருக்கிறது. குறை கண்டால் வீட்டுக்கு அறிவிக்கும் ஒழுங்கும் இருக்கிறது.

அந்தப் பழக்கத்தில், மனநலக் கணக்கெடுப்பு என்று கடிதம் வந்ததும் எங்கள் குழுவில் பலர் எழுதியது இதுதான்: "நல்லது, பிள்ளைக்கு ஏதும் பிரச்சினை எண்டால் சொல்லுவினம்தானே."

சொல்ல மாட்டார்கள். பெயர் எழுதாத கணக்கெடுப்பில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு பிள்ளை தான் தினமும் தனிமையில் இருப்பதாகவோ, வாழப் பிடிக்கவில்லை என்றோ குறித்திருந்தாலும், அந்தத் தாள் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இத்தனை வீதம் பிள்ளைகள் அப்படிச் சொன்னார்கள் என்று அறிக்கையில் வரும். அந்த அறிக்கையால் பாடசாலைக்கு ஒரு ஆலோசனை ஆசிரியர் கூடுதலாகக் கிடைக்கலாம், நாட்டுக்கு ஒரு கொள்கை கிடைக்கலாம். அன்று மாலை அந்தப் பிள்ளையின் தாய்க்கு அழைப்பு வராது. இது தெரியாத பெற்றோர், பாடசாலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் தாங்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் இருந்துவிடுவார்கள். எனக்குப் பயம் அதில்தான்.

சரி, மகளின் பாடசாலையில் நடந்தது எது? கடிதத்தில் "இரகசியமாகப் பேணப்படும்" என்று மட்டும் இருந்ததால் எல்லோரும் பெயர் இல்லாதது என்றே நினைத்தோம். கூட்டத்தில்தான் தெரிந்தது, வினாக்கொத்து இரண்டு பகுதி. முதல் பகுதியில் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. இரண்டாம் பகுதியின் மேல் மூலையில் பாடசாலைச் சேர்விலக்கம் எழுத ஒரு கட்டம். சேர்விலக்கம் இருந்தால் பெயர் இருப்பது போலத்தான். அலுவலகத்தில் உள்ள பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும்.

இதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டது பெரிய பிழை. நான் சொல்ல முன்னமே பின்வரிசையில் இருந்த ஒரு தகப்பன் எழும்பினார், சட்டத்தரணி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தகவலையும் உடல்நலம் பற்றிய தகவலையும் விசேட வகையாக எடுத்து வைத்திருக்கிறது என்றும், பிள்ளையின் விஷயத்தில் சம்மதம் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. துண்டு அனுப்பாமல் இருந்ததைச் சம்மதமாக எடுப்பது இரண்டாம் பகுதிக்குப் பொருந்துமா என்று கேட்டார்.

ஆய்வுக் குழுவில் வந்திருந்த வைத்தியர் மிஸ் மழுப்பாமல் பதில் சொன்னார். இரண்டாம் பகுதி ஏன் இலக்கத்தோடு இருக்கிறது என்றால், கடும் மன அழுத்தத்தில் இருக்கும் பிள்ளையை அடையாளம் கண்டு ஆலோசனை ஆசிரியர் மூலம் பெற்றோரோடு பேசவும், தேவைப்பட்டால் லேடி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி போன்ற இடத்துக்கு அனுப்பவும்தான். இலக்கத்தைப் பெயரோடு பொருத்திப் பார்க்கும் அனுமதி யார் யாருக்கு உண்டு என்றும், வகுப்பாசிரியருக்கு அது இல்லை என்றும் விளக்கினார். இவ்வளவு நல்ல காரணத்தை ஏன் கடிதத்தில் போடவில்லை என்று கேட்டேன். கடிதம் நீண்டால் பெற்றோர் வாசிப்பதில்லை என்றார். வாசிப்பார்கள், மிஸ். பிள்ளையைப் பற்றிய கடிதம் என்றால் வாசிக்கத் தெரியாதவர்கூட இன்னொருவரிடம் கொடுத்து வாசிப்பித்துக் கேட்பதை என் கடையில் நான் பார்க்கிறேன். நீளம் பிரச்சினை அல்ல. முக்கியமான விஷயம் அதில் இருக்க வேண்டும்.

கூட்டத்தின் பலன், இரண்டாம் பகுதிக்குத் தனியாகக் கையெழுத்து வாங்குவதென்று அன்றே முடிவானது. புதிய படிவம் அடுத்த வாரம் வந்தது. அதில் இலக்கம் ஏன், யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று நான்கு வரி இருந்தது. அந்த நான்கு வரிக்காகவே இந்தப் பாடசாலையை மெச்சுகிறேன். பிழையைச் சொன்னதும் திருத்துகிற அதிபர் கிடைப்பது பெரிய விஷயம்.

பெயர் இல்லாத பகுதிக்குத் துண்டு வராவிட்டால் சம்மதம் என்று எடுப்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். சில பெற்றோருக்கு அது இன்னும் பிடிக்கவில்லை என்று தெரியும். வைத்தியர் சொன்ன காரணம் என் கடை அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. எல்லோரிடமும் கையெழுத்துக் கேட்டால் திரும்பி வராத படிவங்கள் பெரும்பாலும் கஷ்டப்படுகிற வீட்டிலிருந்துதான். தகப்பன் கட்டாரில், தாய் இரவு வேலையில், பிள்ளை அம்மம்மாவோடு. படிவம் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். அந்தப் பிள்ளைகள் கணக்கில் வராமல் போனால் அறிக்கையில் எல்லாப் பிள்ளைகளும் நன்றாக இருப்பது போல் தெரியும். ஆனால் இந்த முறையை எடுக்கிறவர்கள் கடிதம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் கடமையையும் எடுக்க வேண்டும். பிள்ளையின் கையில் மட்டும் கொடுத்துவிட்டு, பதில் வராததைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. எங்கள் பாடசாலை கடிதத்தை வட்ஸ்அப் குழுவிலும் போட்டது, மாணவர் நாட்குறிப்பிலும் எழுத வைத்தது. நாட்குறிப்பில் பெற்றோர் தினமும் ஒப்பமிடுவதால் அது நல்ல வழி.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கையிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவளுடைய மகன் படிக்கும் ஒன்ராறியோவில் 1977 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தரம் 7 முதல் 12 வரையான மாணவர்களிடம் போதைப்பொருள் பாவனையும் சுகாதாரமும் பற்றிக் கணக்கெடுக்கிறார்கள். அங்கே 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அமெரிக்காவில் 1978இலேயே ஒரு சட்டம் வந்து, மனநலம், குடும்ப விஷயம், பாலியல் போன்றவை பற்றி மாணவரிடம் கேட்கும் வினாக்கொத்தைப் பார்க்கும் உரிமையைப் பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. இங்கே அப்படியொரு உரிமையைக் கேட்டதும் ஏதோ சண்டைக்கு வந்தவரைப் பார்ப்பது போல் சிலர் பார்க்கிறார்கள். கேட்பதில் சண்டை எதுவும் இல்லை.

வினாக்கொத்தைப் பார்க்கக் கேட்டேன். அலுவலகத்தில் வைத்துத் தந்தார்கள். அங்கேயே இருந்து வாசிக்கலாம், போனில் படம் எடுக்கக் கூடாது. நியாயம்தான். முன்கூட்டியே வெளியே போனால் பிள்ளைகள் கலந்து பேசிப் பதில் எழுதுவார்கள். ஒரு மேசையும் மின்விசிறியும் தந்து, அவசரப்படுத்தாமல் இருக்க விட்டார்கள்.

முதல் பகுதி நான் நினைத்ததைவிட அகலம். பல் துலக்குவது, சாப்பிட முன் கை கழுவுவது, கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் ஒரு மணித்தியாலமாவது ஓடியாடி இருந்தாய், சோடா எத்தனை தடவை குடித்தாய். டியூஷன் முடிந்து இரவு வீடு வரும் எங்கள் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் ஓடியாட எங்கே போவார்கள் என்று எனக்கே கேள்வி வந்தது. பிறகு புகைத்தல், மதுபானம், அடிதடி, மற்றப் பிள்ளைகள் கேலி செய்து வதைப்பது. கடந்த 30 நாளில் வீட்டில் போதிய உணவு இல்லாமல் எத்தனை தடவை பசியோடு இருந்தாய் என்று ஒரு கேள்வி. 2022இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற ஊர் இது. அந்தக் கேள்விக்கு வந்த பதிலைப் பாடசாலை கட்டாயம் பார்க்க வேண்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பெற்றோரைப் பற்றிய கேள்விகள். கடந்த 30 நாளில் உன் கஷ்டங்களையும் கவலைகளையும் பெற்றோர் எத்தனை தடவை விளங்கிக்கொண்டார்கள்? ஓய்வு நேரத்தில் நீ என்ன செய்கிறாய் என்று அவர்களுக்கு உண்மையில் தெரியுமா? உனக்கு நெருங்கிய நண்பர்கள் எத்தனை பேர்? கதிரையில் இருந்தபடியே மகளுக்கு எத்தனை நண்பிகள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பெயர்கள் வந்தன. ஆனால் அவர்களில் யாரோடு அவள் இப்போது பேசுகிறாள் என்று தெரியவில்லை. இந்த மூன்று கேள்விகளையாவது பாடசாலை எல்லாப் பெற்றோருக்கும் அச்சடித்துக் கொடுத்தால் பெரிய உதவி.

இரண்டாம் பகுதி 25 கூற்றுகள் கொண்ட ஒரு படிவம். பல நாடுகளில் பாவிப்பது, தமிழிலும் இருக்கிறது. அடிக்கடி தலையிடி வயிற்றுவலி வருமா, கோபத்தை அடக்க முடியாமல் போகுமா, மற்றவர்களுக்கு உதவி செய்வாயா என்ற மாதிரி. கடந்த ஆறு மாதத்தை நினைத்து, உண்மை இல்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். இதில் கூடிய புள்ளி வந்தால் பிள்ளைக்கு நோய் என்று அர்த்தம் இல்லை, இன்னொரு தடவை ஆறுதலாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். வைத்தியர் இதைக் கூட்டத்தில் இரண்டு தடவை சொன்னார். கடிதத்திலும் ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு மனநலம் என்றதும் அங்கொடை ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருகிறது. பெண் பிள்ளை என்றால் கலியாணம் வரைக்கும் யோசித்துவிடுவார்கள்.

தற்கொலை எண்ணம் பற்றி ஒரு கேள்வி இருந்தது. கூட்டத்தில் அதிகம் சூடு பிறந்தது இதில்தான். "இல்லாத யோசனையை நீங்கள் ஏன் பிள்ளையின் தலையில் போடுறீங்கள்?" என்று ஒரு தாய் அழுவது போல் கேட்டார். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன, ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருக்கும் பிள்ளைக்கு யாரோ கேட்டார்கள் என்பதே சில நேரம் ஆறுதல் என்று வைத்தியர் விளக்கினார். அந்தத் தாய் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் துண்டை வெட்டி அனுப்பவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். நேரில் கேட்டு நேரில் பதில் கிடைத்ததால் வந்த நம்பிக்கை அது. கடிதத்தால் மட்டும் வந்திராது.

பிள்ளையிடம் யார் கேட்டது? இதை நான் விட்டுவிட விரும்பவில்லை. மகளிடம் கடிதத்தைக் காட்டி, "உனக்கு இது எழுத விருப்பமா?" என்று கேட்டேன். "நீங்கள் பதிலைப் பார்ப்பீங்களா அம்மா?" என்று திருப்பிக் கேட்டாள். பார்க்க மாட்டேன், பார்க்கவும் முடியாது என்றேன். "அப்ப எழுதுறன்" என்றாள். பெற்றோர் சம்மதித்தாலும் பிள்ளை மறுக்கலாம் என்று படிவத்தில் இருந்தது. கணக்கெடுப்பு நாளில் வகுப்பிலும் அதை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் எழுதாமல் நூலகத்துக்குப் போனார்களாம். யாரும் அவர்களை ஒன்றும் கேட்கவில்லையாம். நல்ல விஷயம்.

நடந்த விதம் பற்றி மகள் சொன்னதில் ஒன்றிரண்டு. வகுப்பாசிரியர் வெளியே போய்விட்டார், ஆய்வுக் குழுவினர் மட்டும் இருந்தார்கள். முடிந்ததும் தாளை அவரவரே மடித்துப் பெட்டியில் போட்டார்கள். ஆனால் இருக்கைகளைத் தள்ளிப் போடவில்லை. ஒரு மேசைக்கு இருவர், வழக்கம் போல. பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்த்தால் தெரியும். பரீட்சைக்கு மேசைகளை விலக்கிப் போடுகிற பாடசாலைக்கு இதற்கும் விலக்கத் தெரியும். அடுத்த முறை மண்டபத்தில் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குச் சிறிய அட்டை ஒன்று கொடுத்துவிட்டார்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. மகள் அதைப் பென்சில் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். எனக்கு அது மிகவும் பிடித்தது, பெற்றோருக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. பெரிதாக அடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்குக் கொப்பி இலவசம்.

யார் கையெழுத்து வைப்பது என்பதில் ஒரு இடைஞ்சல் இன்னும் தீரவில்லை. பாட்டியோடு இருக்கும் பிள்ளை, பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை கொழும்பில் எவ்வளவோ பேர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் படிக்க வந்தவர்கள். இரண்டாம் பகுதிப் படிவத்தில் "தாய் / தந்தை" என்று மட்டும் இருந்ததால் ஒரு அம்மம்மா என் கடைக்கு வந்து, படிவத்தைப் படம் எடுத்து டுபாய்க்கு அனுப்பி, மகள் அங்கிருந்து கையெழுத்து வைத்து அனுப்பியதைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டு போனார். பாதுகாவலர் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அந்த வயதில் அவருக்கு இந்த அலைச்சல் இல்லை.

முடிவு வந்தது தவணை முடிய முன். ஒரு பக்கம். மொத்தத் தரத்துக்குமான கணக்கு மட்டும், வகுப்பு வகுப்பாகப் பிரிக்கவில்லை. சின்ன எண்ணிக்கையாகப் பிரித்தால் பிள்ளை யாரென்று ஊகிக்கலாம் என்பதால் அது சரி. நித்திரை போதாமை பெரிதாக வந்திருக்கிறது, கேலி வதை இரண்டாவது. அதற்குப் பாடசாலை என்ன செய்யப் போகிறது என்று கீழே இரண்டு வரி: இடைவேளையில் ஆசிரியர் மேற்பார்வை கூடும், ஆலோசனை ஆசிரியரின் அறை வாரத்தில் மூன்று நாள் திறந்திருக்கும். இலக்கத்தை வைத்து அடையாளம் கண்ட பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனித்தனியாக அழைப்புப் போனது என்று கேள்விப்பட்டேன். யார் என்று யாருக்கும் தெரியாது, எங்கள் குழுவில் ஒரு வார்த்தை வரவில்லை. இந்த விஷயத்தில் அவர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள்.

புள்ளி கொடுக்கச் சொன்னால், முதல் கடிதத்துக்கு ஐந்தில் இரண்டு. திருத்திய படிவத்துக்கு நான்கு. கூட்டத்துக்கு ஐந்து, மாலையில் வைத்ததற்கும் சேர்த்து, ஏனென்றால் கடை வைத்திருப்பவரும் கந்தோருக்குப் போகிறவரும் வர முடிந்தது. வினாக்கொத்தைப் பார்க்கத் தந்ததற்கு ஐந்து. வகுப்பறை ஒழுங்குக்கு மூன்று. முடிவு அறிக்கைக்கு மூன்றரை. அந்த ஒரு பக்கத்தில் பசி பற்றிய கேள்விக்கு வந்த பதில் இல்லை. அதைக் கேட்டு அதிபருக்கு எழுதியிருக்கிறேன். முழு அறிக்கை அடுத்த தவணையில் வரும் என்று பதில் வந்தது. வந்ததும் இதன் கீழே சேர்த்து எழுதுகிறேன்.